நாற்காலி கவிழ்ந்திருந்தால் தட்டாதே

1

இந்தக் கதை என் யோசனை இல்லை. குளிர்காலத்தில் எங்களோடு முகாம் போடுகிற நோரீன் கேட்டாள், எழுதுகிறேன். வருகிற சனிக்கிழமை எங்கள் வீட்டுவண்டி வட்டத்தில் ஆர்டனுக்கு நினைவுக் கூட்டம். ஆர்டன் என் கணவர். போன குளிர்காலத்தில் இதே அரிசோனாப் பாலைவனத்தில், எங்கள் வீட்டுவண்டிக்குள் இறந்துபோனார்.

"ஒரு பக்கம் எழுதிக் கொண்டா லவான். உனக்குத்தான் அதெல்லாம் வரும்," என்றாள் நோரீன்.

நான் மைனாட் ஊர் நூலகத்தில் வேலை பார்த்தவள். நூலகத்தில் இருந்தவர்களுக்கு எழுத வரும் என்று எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை. ரொட்டிக் கடையில் நின்றவனுக்குக் கோதுமை விதைக்கத் தெரியும் என்பதுபோல.

போகிறவள் படியில் நின்று திரும்பினாள். "அப்புறம் கண்ணு, அந்தக் கடைசி சமாச்சாரம் வேண்டாம். 'தனக்குப் பிடிச்சதைச் செஞ்சுக்கிட்டே போனார்'னு முடிச்சிடு. எல்லாருக்கும் ஆறுதலா இருக்கும்."

எல்லாருக்கும். அந்தச் சொல்லில்தான் எனக்குப் பற்றிக்கொண்டது. ஒரு பக்கம் போதாமல் போனதும் அதனால்தான்.

2

முதல் தொடக்கம்: "பாலைவனத்தில் சூரியன் இறங்கும்போது மலைகள் ஊதா நிறத்தில்—"

அடித்துவிட்டேன். ஆர்டன் சூரியன் இறங்குவதைப் பார்த்ததே இல்லை. அந்த நேரத்தில் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடப்பார். வாயில் ஒரு ஸ்பேனர் இருக்கும். சூரியனைப் பற்றி ஏதாவது கேட்டால் ஸ்பேனரோடு பதில் சொல்வார்.

இரண்டாம் தொடக்கம்: "வடக்கு டகோட்டாவின் பனியிலிருந்து தப்பி, ஓய்வு பெற்ற ஒரு தம்பதி—"

இதுவும் பொய். அவருக்குப் பனி பிடிக்கும். குழாய்கள் உறைந்துபோனால் கொண்டாட்டம். சரிசெய்ய வேலை கிடைக்கும் அல்லவா. என் மூட்டுவலிக்காகத்தான் ஒவ்வொரு வருஷமும் அறுவடை முடிந்ததும் வண்டியைக் கிளப்புவார். தியாகம் என்று ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை. முணுமுணுத்துக்கொண்டே செய்தார். அதனால்தான் நம்பினேன்.

மூன்றாம் தொடக்கம், பேச்சாக:

"டக்குனு ஒரு சத்தம் வருதே, எங்கேருந்து?"

"உன் முட்டியிலேருந்து."

"என் முட்டிக்கு வாரண்டி முடிஞ்சுபோச்சு. வண்டிக்கு இன்னும் இருக்கு. அதனால வண்டிலேருந்துதான் வரணும்."

"ரோட்டைப் பாரு கிழவா."

"ரோட்டுல என்ன இருக்கு? ரோடுதான் இருக்கு."

மைனாட்டிலிருந்து அரிசோனா வரை இதே பேச்சுதான். இதை வைத்துக்கொள்கிறேன். இதில்தான் அவர் இருக்கிறார்.

3

(நோரீனுக்கு இந்தப் பகுதி தேவையில்லை, அவளுக்கே தெரியும். உங்களுக்குத் தேவை.)

குவார்ட்ஸைட் என்ற ஊருக்கு வெளியே, காய்ந்த ஓடையின் ஓரத்தில், வீட்டுவண்டிகளை வளையமாக நிறுத்திக்கொள்வோம். குழாய் கிடையாது, மின்கம்பம் கிடையாது. தண்ணீரை ஊருக்குள் போய்ப் பிடித்து வர வேண்டும். மின்சாரத்தைக் கூரைமேல் இருக்கும் தகடுகள் வெயிலிலிருந்து பிடிக்கும். மாலை நான்கு மணிக்கு நடுவில் தீ மூட்டுவோம். அவரவர் நாற்காலியை அவரவர் தூக்கி வருவார்கள். வியாழக்கிழமைகளில் கூட்டமாக எங்காவது போவோம்: கைவிட்ட சுரங்கம், பாறை ஓவியம், பேரீச்சம்பழ மில்க்‌ஷேக் விற்கிற கடை. பாறை ஓவியத்தின் முன்னால் எல்லாரும் பக்தியாக நின்றபோது ஆர்டன் சொன்னார்: "ரெண்டு ஆடு, ஒரு வட்டம். யாரோ வாங்க வேண்டிய சாமானைக் கிறுக்கி வெச்சிருக்கான்." நோரீன் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

இனி அந்த வழக்கத்துக்கு வருகிறேன்.

வீட்டுவண்டியின் சுவர் தகரமும் அட்டையும்தான். பக்கத்து வண்டியில் தும்மினால் இங்கிருந்தே 'கடவுள் ஆசீர்வதிக்கட்டும்' சொல்லலாம். அதனால் வட்டத்தில் ஒரு மரியாதை உண்டு. கதவுக்கு வெளியே நாற்காலி நிமிர்ந்திருந்தால் வரலாம், பேசலாம், எதையாவது கடன் கேட்கலாம். கவிழ்த்து வைத்திருந்தால் தட்டக் கூடாது. தூங்குகிறார்கள், சண்டை போடுகிறார்கள், அழுகிறார்கள், எதுவாகவும் இருக்கட்டும், உனக்கு வேலையில்லை. தெரியாமல் தட்டிவிட்ட புதியவர்களை அந்தப் பருவம் முழுக்கக் கேலி செய்வோம். "கலிஃபோர்னியாக்காரன் மாதிரி கதவைத் தட்டுறான் பாரு!" என்பதுதான் இங்கே பெரிய வசவு.

4

அன்றைக்குக் காற்று.

"காற்று பேயாய் அடித்தது" என்று எழுதினேன். பேய்க்கு ஏன் பழி? காற்று காற்றாகவே அடித்தது. வெயில் மறைப்புத் துணிகளைச் சுருட்டிக் கட்டினோம். யாரோ ஒருவரின் தொப்பி ஓக்கோட்டியோ என்கிற முட்செடியில் போய் மாட்டிக்கொண்டது. சுரங்கத்துக்குப் போகிற திட்டத்தைக் கைவிட்டோம். நோரீனும் நானும் துணி துவைக்க ஊருக்குக் கிளம்பினோம்.

ஆர்டன் கதவுக்கு வெளியே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். டெல்பர்ட் வருவதற்காகக் காத்திருந்தார். டெல்பர்ட் எங்கள் பக்கத்து வண்டிக்காரன், ஐயோவாவில் பன்றிப் பண்ணை வைத்திருந்தவன். எங்கள் தண்ணீர் பம்பை இரவல் வாங்கிப் போயிருந்தான்.

"என் நீலச் சட்டையைச் சுடுதண்ணியில போட்டுச் சுருக்கிடாதே," என்றார் ஆர்டன்.

"சட்டை சுருங்கலை, நீதான் பெருத்துட்டே."

இதுதான் கடைசிப் பேச்சு. இதைவிட நல்லதாக ஒன்றை நான் கற்பனை செய்து எழுதியிருக்கலாம். எழுத மாட்டேன்.

நான் திரும்பி வந்தபோது நாற்காலி படியருகே கவிழ்ந்து கிடந்தது. காப்பிக் கோப்பை புதரடியில் உருண்டிருந்தது. படியில் எங்கள் பம்ப் இருந்தது. கதவைத் திறந்தேன். மேசைக்கும் கதவுக்கும் நடுவில் தரையில் கிடந்தார். உடம்பு ஆறிப்போயிருந்தது. வலது கை கதவை ஒட்டி நீண்டிருந்தது. விரல் கணுக்களில் தோல் வழன்றிருந்தது.

(அடிக்குறிப்பு: இதயம் என்றார் டாக்டர். முன்னாலேயே யாராவது பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார். வட்டம் அந்த இரண்டு வார்த்தையைப் பிடித்துக்கொண்டது. 'சொல்ல முடியாது' என்றால் 'முடிந்திருக்காது' என்று அர்த்தமாம்.)

5

டெல்பர்ட்டை என்ன செய்வது?

ஒரு வரைவில் அவனைச் செவிடனாக்கினேன். இன்னொன்றில் குடிக்க வைத்தேன். இரண்டும் ஒட்டவில்லை. டெல்பர்ட் குடிப்பது இஞ்சி சோடா. அவன் காது ஓடைக்கு அந்தப்பக்கத்துக் காடையைக் கேட்கும். என் தண்ணீர்த் தொட்டியை இன்றுவரை அவன்தான் நிரப்பித் தருகிறான். அவனைக் கெட்டவனாக எழுத வழியில்லை என்பதே எனக்குப் பாதிக் கோபம். கெட்டவன் இருந்தால் கதை எவ்வளவு சுலபம்!

மறுநாள் அவனாகவே வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"நான் வந்தேன் லவான். பம்பைக் குடுக்க வந்தேன். நாற்காலி கவுந்திருந்துது."

"காத்து அடிச்சுதே டெல்பர்ட்."

"அடிச்சுது. என்னோடதும் விழுந்துது."

"உன்னோடதைக் காத்து தள்ளும். எங்களோடதை ஆர்டன்தான் கவுத்தணுமா?"

தொப்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"இன்னொண்ணு சொல்லணும். உள்ள தட்டுற சத்தம் கேட்டுது."

நான் படியில் உட்கார்ந்தேன்.

"எதையோ ரிப்பேர் பண்றார்னு நெனைச்சேன். 'கிழவன் ஆரம்பிச்சிட்டான்டா'ன்னு சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே போயிட்டேன் லவான். பம்பைப் படியில வெச்சுட்டு."

நோரீன் எடுத்துவிடச் சொல்கிற 'கடைசி சமாச்சாரம்' இதுதான். வெளியே இருப்பவர்கள் தட்டக் கூடாதென்று மரியாதை வைத்தோம். உள்ளேயிருந்து ஒருவர் தட்டினால் என்ன செய்வதென்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

6

இன்று காலை நோரீன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மர நாற்காலி. நீல வண்ணம், வெள்ளை எழுத்தில் 'ஆர்டன்'. எழுத்து தலைகீழாக இருந்தது.

"ஏன் தலைகீழா?"

"கவுத்து வெச்சா நேரா தெரியும் பாரு! தீக்குழி பக்கத்துல கம்பம் நட்டு மாட்டப் போறோம். 'தொந்தரவு பண்ணாதீங்க, ஆர்டன் ஓய்வெடுக்கிறார்'ங்கிற மாதிரி. நல்லா இருக்குல்ல?"

நான் நாற்காலியைப் பார்த்தேன். பிறகு அவளைப் பார்த்தேன். அவள் கண் கலங்கியிருந்தது. வேடிக்கைக்குச் செய்யவில்லை. அன்பாகத்தான் செய்திருக்கிறாள். அடித்தால்கூட அழாமல் வாங்கிக்கொள்ளலாம். இதை எப்படி வாங்கிக்கொள்வது?

"இது வேண்டாம் நோரீன். கவுத்துற வழக்கத்தையே எடுத்துடலாம். கவுந்திருந்தாலும் ஒரு தடவை தட்டணும், குரல் குடுக்கணும். நான் கேக்கறது அவ்வளவுதான்."

"அது வேற, இது வேற கண்ணு."

"எப்படி வேற?"

"வட்டம் நிக்கறதே அந்த மரியாதையிலதான். அப்புறம் டெல்பர்ட் இருக்கான். நீ அந்தக் கடைசி சமாச்சாரத்தைக் கூட்டத்துல படிச்சா அவன் உடைஞ்சுபோயிடுவான். அவனை நாமதானே காப்பாத்தணும்?"

ஆர்டனைக் காப்பாற்றாதவர்கள் டெல்பர்ட்டைக் காப்பாற்றுகிறார்கள். இந்த வாக்கியத்தை நோரீனிடம் சொல்லவில்லை. சொல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

7

முடிவுகள்.

அ. நோரீனுடையது. தனக்குப் பிடித்ததைச் செய்துகொண்டே போனார். எல்லாரும் மூக்கைச் சிந்துகிறார்கள். நாற்காலியை மாட்டுகிறார்கள். யாரோ கொண்டுவந்த மிளகாய் பீன்ஸைச் சாப்பிடுகிறோம்.

ஆ. நான் முழுவதையும் படிக்கிறேன். டெல்பர்ட் எழுந்து பிக்கப் வண்டியில் ஏறி ஐயோவாவுக்குப் போய்விடுகிறான். 'கிழவி அவனை விரட்டிட்டா' என்கிறார்கள். வழக்கம் அப்படியே இருக்கிறது.

இ. வட்டம் மனம் திருந்தி, நாற்காலியைத் தீயில் போட்டு, எல்லாரும் கைகோத்து— வேண்டாம். எனக்கு இவர்களைத் தெரியும். ஒரு வாரத்தில் வேறொருவர் கதவுக்கு வெளியே வாளியைக் கவிழ்த்து வைப்பார்.

இந்த மூன்றையும் எழுதிவிட்டு, பகலிலேயே டெல்பர்ட்டின் வண்டிக்குப் போனேன். நாற்காலி கவிழ்ந்திருந்தது. தட்டினேன். கலிஃபோர்னியாக்காரி மாதிரி தட்டினேன். ஐந்தாம் பகுதியை அவன் கையில் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, உதடு அசைய மெதுவாகப் படித்தான்.

"இஞ்சி சோடாவெல்லாம் போடணுமா?" என்றான்.

"அது உண்மைதானே?"

"உண்மைதான்." தாளைத் திருப்பிக் கொடுத்தான். "படி லவான். நான் உக்காந்திருப்பேன்."

"நோரீன் உன்னைக் காப்பாத்தறாளாம்."

"போன வருஷத்துலேருந்து இவங்க ஒருத்தரும் என்கிட்ட ஆர்டன் பேரையே எடுக்கலை. வானிலை கேக்கறாங்க, பன்றி விலை கேக்கறாங்க. பன்றியை வித்துப் பல வருஷம் ஆச்சு. என்கிட்ட கோபப்படறது நீ ஒருத்திதான். நீயும் நிறுத்திட்டா நான் எங்கே போவேன்?"

சனிக்கிழமை நான் ஐந்தாம் பகுதி வரை படிப்பேன், அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே. பிறகு உட்கார்ந்துவிடுவேன். நோரீன் எழுந்து ஏதாவது சொல்வாளா, அந்த நீல நாற்காலி கம்பத்தில் ஏறுமா, அடுத்த காற்றுநாளில் யாராவது யார் கதவையாவது தட்டுவார்களா, எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல எழுதவும் மாட்டேன். முடிவு எழுதுவது என் வேலை என்று எல்லாரும் எண்ணிக்கொண்டால், வட்டத்துக்கு அப்புறம் வேலையே இருக்காது.

ஆறுதல் வேண்டுகிறவர்கள் முதல் முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் என் கணவர் பெயரை மட்டும் போடாதீர்கள்.

மற்றவர்கள் ஒன்று செய்யுங்கள். காற்றடிக்கிற பகலில், இரவல் வாங்கிய பம்போடு, அந்தப் படிக்கு முன்னால் போய் நில்லுங்கள். உள்ளே சத்தம் கேட்கிறது. நான் தட்டியிருப்பேன் என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். முந்தின நாள் கேட்டிருந்தால் டெல்பர்ட்டும் அதைத்தான் சொல்லியிருப்பான்.