வரதன் காலில் வைத்த ஐஸ் கட்டி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்ணூர் நெட்டுக்குப்பத்தில், ஒரு மீன் பெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் கட்டியிலிருந்து வந்தது. கனவில் வந்தது, உள்ளே ஒரு குரல் சொன்னது என்றெல்லாம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் நம்புவதில்லை. குரல் கேட்டால் காது டாக்டரைப் பார்க்க வேண்டும்.

என் பெயர் ராசையா. ஊர் புளியந்தோப்பு. படிப்பு அஞ்சாவது வரை. மீதியைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்தில், டிபன் கட்டிக் கொடுத்த பேப்பரில் படித்தேன். பாதிச் செய்தி கிழிந்திருக்கும். மீதி என்ன ஆயிற்று என்று நானே யோசித்துக்கொள்வேன். கதை எழுதுவதற்கு அந்தப் படிப்பு போதும்.

எழுதவைத்தவன் சௌக்கத் அலி. தண்டையார்பேட்டைக்காரன், என்னோடும் நெட்டுக்குப்பத்து வரதனோடும் மூட்டை தூக்கியவன். சொல்லி எழுதவைக்கவில்லை, சீண்டி எழுதவைத்தான். "உனுக்குக் கத வராது மாமு. நீ பொய் சொல்ல மாட்ட. பொய் சொல்லத் தெரியாதவன் கத எழுதுனா அது போலீஸ் ஸ்டேசன்ல எழுதிக் குடுத்த மாதிரி இருக்கும்."

நான் பொய் சொல்வதில்லை என்பது உண்மைதான். அது நல்ல குணம் என்று நினைத்துவிடாதீர்கள். பொய் சொன்னால் அதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

நீங்கள் என்னை நம்பலாம். நான் உங்களை நம்பவில்லை. பாதியில் எழுந்து போய்விடுவீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

"அக்கினி நட்சத்திர வெயில் வங்கக் கடலைத் தங்கமாக உருக்கி—"

அடித்துவிட்டேன். எண்ணூர்ப் பக்கம் கடல் தங்கமாக இருந்து நான் பார்த்ததில்லை.

இரண்டாவது:

"தார் ரோட்டில் வரதனின் இடது செருப்பு கழன்று கிடந்தது. கழன்றதே தெரியாமல் அவன் பேசிக்கொண்டே நடந்து—"

இது நன்றாக வந்தது. கண்ணீரே வரும் போலிருந்தது. போனில் பட்டம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். பட்டம்மாள் வரதனின் மனைவி. கேட்டுவிட்டு, காப்புக் கட்டின ஆள் செருப்பு எப்படி அண்ணே போடுவார் என்றாள். அவ்வளவுதான். ஒரு பக்கம் போயிற்று.*

(* காப்பு என்பது திருவிழாவுக்கு வேண்டிக்கொண்டவன் மணிக்கட்டில் கட்டுகிற மஞ்சள் கயிறு. கட்டினால் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, கவிச்சி தொடக் கூடாது, செருப்பு போடக் கூடாது. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் மட்டும் தீட்டு என்று கயிற்றை அவிழ்த்துவிடுவார்கள். இந்தக் கடைசி விதியை ஞாபகம் வையுங்கள். அதற்குப் பின்னால் வேலை இருக்கிறது.)

மூன்றாவது:

"மூன்று கிழவர்கள் ஒருநாள் வெயிலில் திருவிழா பார்த்தார்கள்."

நடந்தது இதுதான். இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

காலையில் சௌக்கத் வீட்டுக்குப் போனேன். அவர்கள் தெரு தர்காவில் சந்தனக்கூடு முடிந்து நெய்ச்சோறு போட்டார்கள். பந்தியில் உட்காரவைத்து, போதும் போதும் என்று கையை மறைத்தால் கைமேலேயே சோற்றை வைத்தார்கள். அங்கிருந்து இரண்டு பேரும் எண்ணூர் பஸ் பிடித்தோம். திருவொற்றியூரில் ஏதோ சாமி ஊர்வலம், பஸ் நின்றுவிட்டது. ஜன்னல் வழியாக யாரோ ஒரு பெண் பானக டம்ளரை நீட்டினாள். சௌக்கத் வாங்கிக் குடித்துவிட்டு, இன்றைக்கு வீட்டில் சமைத்தவர்களெல்லாம் முட்டாள்கள் என்றான்.

(இங்கே ஒரு பக்கம் வர்ணனை எழுதலாம். மேளம், பூ வாசனை, பலூன்காரன். உங்களுக்குத் திருவிழா தெரியாதா? நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.)

எனக்கு இந்தச் சாமிகள் யாரோடும் சகவாசம் இல்லை. எங்கள் வீட்டில் புத்தர் படம்தான். அவர் யாரையும் நெருப்பில் இறங்கச் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் வரதன் கூப்பிட்டிருந்தான். இந்த வருஷம் தீ மிதிக்கிறேன், நீங்கள் இரண்டு பேரும் வராவிட்டால் மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்று போனில் சத்தம் போட்டான். போன வருஷம் பட்டம்மாளுக்கு இதய ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டானாம். அவள் பிழைத்து வந்தால் அம்மனுக்குத் தீ மிதிக்கிறேன் என்று. பிழைத்துவிட்டாள். ஆபரேஷன் செய்த டாக்டருக்கு ஏன் எதையும் மிதிக்கவில்லை என்று கேட்டேன். போனை வைத்துவிட்டான்.

4

நெட்டுக்குப்பத்தில் இறங்கியபோது மத்தியானம். கோயிலுக்கு எதிரே மணலில் குழி வெட்டி விறகு அடுக்கிக் கொளுத்தியிருந்தார்கள். அந்தப் பக்கம் அனல் மின்நிலையப் புகைக்கூண்டு, இந்தப் பக்கம் இது. ஊருக்கு நெருப்பு போதவில்லை போலிருக்கிறது.

வரதன் மஞ்சள் வேட்டியோடு மணலில் நின்று எங்களை வரவேற்றான். கோயில் பக்கம் செருப்போடு வராதீர்கள் என்று ஒரு ஆள் சொன்னதால் நாங்களும் கழற்றினோம். கழற்றினதும் ஆட ஆரம்பித்தோம். இந்தக் காலைத் தூக்கினால் அந்தக் கால் சுடுகிறது. சௌக்கத் தன் துண்டைக் கீழே போட்டு அதன்மேல் ஏறி நின்றான். வரதன் மட்டும் அதே மணலில் நட்ட கம்பம் மாதிரி நின்று, பஸ் எங்கே லேட் ஆனது என்று சாவகாசமாக விசாரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்த பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஆத்தா இப்பவே அவர்மேல் இறங்கிவிட்டாள், அதனால்தான் சுடவில்லை என்றார்கள்.

நான் அதை நம்பவில்லை. சந்தேகப்படுவது என் வேலை.

அவன் வீட்டு வாசலில், பந்தல் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். வீட்டோரம், இன்னும் மீன் போடாமல் ஐஸ் மட்டும் நிரப்பிய மீன் பெட்டிகள் அடுக்கியிருந்தன. வரதன் அம்மன் மகிமை சொல்லிக்கொண்டிருந்தான். நான் குனிந்து, பெட்டியிலிருந்து எலுமிச்சம்பழம் அளவு ஐஸ் கட்டி ஒன்றை எடுத்து அவன் இடது பாதத்தின்மேல் வைத்தேன்.

அவன் பேச்சு நிற்கவில்லை.

ஐஸ் உருகி விரல் இடுக்கில் தண்ணீராக இறங்கியது. சிறுத்தது, வழுக்கி மணலில் விழுந்தது. அவன் நெருப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தான். சௌக்கத் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வாசற்படியில் நின்ற பட்டம்மாளும் பார்த்துவிட்டாள்.

5

எத்தனை நாளாக என்று கேட்டோம். முதலில் டபாய்த்தான். பிறகு பொங்கலில் இருந்து என்று ஒப்புக்கொண்டான். அவனுக்குச் சர்க்கரை இருப்பது எங்களுக்குத் தெரியும். கால் மரத்துப்போனதை யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் கோயிலில் சேர்க்க மாட்டார்கள், வேண்டுதல் நின்றுவிடும், நின்றால் பட்டம்மாளுக்கு மறுபடி ஏதாவது ஆகிவிடும். இதுதான் அவன் கணக்கு.

தீ மிதிக்கிறவன் ஏன் பிழைக்கிறான் என்று நான் சொல்கிறேன். சுடும், அதனால் வேகமாகப் போவான். சுடாதவன் மெதுவாகப் போவான். நெருப்பு சதையைத் தின்றாலும் தெரியாது. ஊர் மொத்தமும் என்ன பக்தி என்று கும்பிடும். மறுநாள் ஆஸ்பத்திரியில் முதலில் விரலைக் கேட்பார்கள், பிறகு பாதத்தைக் கேட்பார்கள். சர்க்கரைக்காரன் புண் ஆறாது. எங்கள் பிளாக்கிலேயே ஒருவன் முழங்காலுக்குக் கீழே கால் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான். அவன் நெருப்பைக்கூட மிதிக்கவில்லை, முள்ளைத்தான் மிதித்தான்.

பட்டம்மாள் கத்தவில்லை. வரதன் எதிரே வந்து நின்றாள். "நான் செத்தா சுடுகாடு வரிக்கும் நீ நடந்து வரணும். எனுக்கு அந்தக் காலு வோணும். வேண்டுதலு வோணாம்."

வரதன் மணிக்கட்டைக் காட்டினான். கயிறு கட்டியாயிற்று.

அப்போதுதான் சௌக்கத்துக்குத் தீட்டு ஞாபகம் வந்தது. சாவு விழுந்தால் அவிழ்க்கலாமே என்றான். பங்காளி செத்தால்தான் என்றாள் பட்டம்மாள்.

"நான் செத்தா தீட்டு இல்லியா?"

"நீங்க போனா அவரு ஒரு வாரம் சோறு துன்ன மாட்டாரு பாய். ஆனா தீட்டு இல்ல."

"இன்னாடா இது. இத்தினி வருசம் தோஸ்தா இருந்து, ஒரு தீட்டுக்குக்கூட ஆவலியா நானு?"

வரதனே சிரித்துவிட்டான். ஆனால் எழுந்து குளிக்கப் போனான். குளித்துவிட்டுத்தான் நெருப்பில் இறங்க வேண்டும்.

6

[ஆசிரியன் யோசனை. அவசரக்காரர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.]

கதை என் கையில் இருக்கிறது. வரதனுக்கு வள்ளூரில் ஓர் அண்ணன் உண்டு. இந்த இடத்தில் ஒரு வரி எழுதினால் போதும்:

"அப்போது வள்ளூரிலிருந்து போன் வந்தது. அண்ணன் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தவர்—"

தீட்டு. கயிறு அவிழும். கால் தப்பும். ஒரு வரியில் முடிந்த வேலை.

எழுதினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதோடு நன்றாகப் படிக்கத் தெரிந்தவர், இது அவர் கையில் கிடைத்தால் நேராகப் புளியந்தோப்புக்கு வந்துவிடுவார். அடித்துவிட்டேன். ஒருவன் காலுக்காக இன்னொருவன் உயிரை எடுக்கிற கதாசிரியர்கள் இருக்கலாம். நான் மூட்டை தூக்கியவன். ஒருவன் சுமையை இன்னொருவன் தலையில் சொல்லாமல் ஏற்றுவது எங்கள் தொழிலில் கிடையாது.

7

சாயங்காலம் பம்பை அடிக்க ஆரம்பித்தார்கள். விறகு எரிந்து தணலாகி, அதை நீளக் கம்பால் பரப்பிவிட்டார்கள். கரகம் முதலில் இறங்கியது. பின்னால் வேப்பிலை பிடித்தவர்கள் ஒவ்வொருவராக ஓடிக் கடந்து, அந்தக் கோடியில் இருந்த பால் குழியில் குதித்தார்கள். வரதன் வரிசையின் கடைசியில் நின்றான். கூட்டத்தைத் தடுக்கக் கயிறு கட்டிய ஓரத்தில் அவனுக்குப் பக்கத்தில் நானும் சௌக்கத்தும். பட்டம்மாள் கூட்டத்துக்கு அந்தப் பக்கம், பால் குழி அருகே, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

நான் அவன் காதில் சொன்னேன். எனக்குச் சாமி இல்லை, ஆனால் நியாயம் உண்டு. "சுடற காலோட எறங்குறவன்தான் வேண்டுதல் செய்யறான். உனுக்கு சூடே தெரியாது. அது ஆத்தாவ டபாய்க்கற வேல."

அடித்தது போல ஆகிவிட்டது அவனுக்கு. வரிசை நகர்ந்தது. அவன் நகரவில்லை. பின்னால் யாரும் இல்லாததால் யாரும் தள்ளவில்லை. முன்னால் போனவர்கள் மிதித்து மிதித்துத் தணலின்மேல் சாம்பல் பூத்திருந்தது. மேலே பார்த்தால் ஆறிவிட்டது போல, உள்ளே எப்படி என்று தெரியவில்லை.

"சரி," என்றான். "எனுக்கு சூடு தெரியாது. உனுக்குத் தெரியும். கால வெச்சுப் பாத்து சொல்லு."

"சொன்னா?"

"நெருப்பு நெருப்பாத்தான் கீதுன்னா போறேன். நோவு தெரியலன்னாலும் நெருப்புன்னு தெரிஞ்சிகினு போறேன், அது டபாய்க்கறது இல்ல. ஆறிப்போச்சுன்னா திரும்பிடறேன். ஆறுன சாம்பல மிதிச்சிட்டு ஆத்தா கைல பேரு வாங்க மாட்டேன். அடுத்த வருசம் பாத்துக்கறேன்."

"ஏன்டா என்னிய கேக்கற? பாய கேளு."

"பாய் எனுக்காவ பொய் சொல்லுவான். நீ சொல்ல மாட்ட."

குழிக்கு வெளியே, பரப்பும்போது சிதறிய தணல் சாம்பல் மூடிக் கிடந்தது. நான் வலது காலை அதன்மேல் வைத்தேன்.

என் பெருவிரலில் கொப்புளம் இன்னும் இருக்கிறது. வேண்டுமானால் வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

"ஆறிப்போச்சுடா," என்றேன்.

சௌக்கத் என் பக்கம் திரும்பினான். மெல்ல, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இப்ப வரும் மாமு உனுக்குக் கத" என்றான்.

8

இதற்குமேல் மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

முதலில், வரதன் வேப்பிலையைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி நடக்கிறான், ஊர் சிரிக்கிறது, பட்டம்மாள் சிரிக்கவில்லை. இன்னொன்றில் அவன் இறங்கிவிடுகிறான், மெதுவாக, ரொம்ப மெதுவாக. அதை முழுதாக எழுத என் கை ஓடவில்லை. மூன்றாவதில் பட்டம்மாள் அந்தக் கோடியிலிருந்து குழிக்குள் காலை வைக்கப்போகிறாள், அவளைத் தடுக்க வரதன் குழியைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறான். இது சினிமா. பட்டம்மாளுக்குப் படித்துக் காட்டினால், நான் என்ன பைத்தியமா அண்ணே என்பாள்.

மூன்றையும் அடித்துவிட்டேன். என்ன நடந்தது என்பது நெட்டுக்குப்பத்துக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்ல மாட்டேன். நான் இதுவரை சொன்ன ஒரே பொய் எந்த இடத்தில் நின்றதோ, அந்த இடத்தில் உங்களையும் நிறுத்திவிட்டுப் போகிறேன்.

வரதன் என் முகத்தைப் பார்த்தான். என்னை நாற்பது வருஷமாகத் தெரிந்தவன். பிறகு என் காலைப் பார்க்கக் குனிந்தான். நான் விரலை மணலுக்குள் புதைத்துக்கொண்டேன்.

நம்பினானா, இல்லையா? நீங்கள்தான் எழுத வேண்டும். சும்மா உட்கார்ந்து எழுதிவிடாதீர்கள். நாளை மத்தியானம் செருப்பைக் கழற்றிவிட்டு ரோட்டில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். சுடும். சுடுகிறது என்று தெரிகிற காலோடு வந்து எழுதுங்கள்.