ரூட் ஆன பாலேஸ்வரி

வேலையில் கெட்டிக்காரிதான் பாலேஸ்வரி, ஆனால் கை சும்மா இருந்தால்தானே! இயங்குதளத்தின் கருவான கேர்னலில் ஓட்டை இருக்கிறது, சாதாரணக் கணக்கில் நுழைந்தவரும் அதன் வழியே ரூட் ஆகி முழு இயந்திரத்தையும் ஆளலாம் என்று அந்தக் கிழமைதான் இணையத்தில் செய்தி வந்தது. தங்கள் கம்பனி சேர்வரில் அது பலிக்காது என்று நினைத்து, செய்தியோடு வந்த நிரலை மத்தியானம் ஓட்டிப் பார்த்தாள்.

பலித்துவிட்டது. அவளுடைய சாதாரணக் கணக்கைக் காட்டும் டொலர் குறி போய் ரூட்டின் குறி திரையில் வந்து நின்றது.

சேர்வரில் இருந்தது படையினரின் சம்பள விபரம். வெளியிலோ சண்டை உச்சத்தில் நின்ற காலம். கொழும்பு வெள்ளவத்தையில், வடக்கிலிருந்து வந்தவர்கள் செய்யவேண்டிய பொலிஸ் பதிவோடு அறை எடுத்திருக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை அதற்குள் புகுந்தாளென்றால், யார் விளக்கம் கேட்கப் போகிறார்கள்? போன மாதம் பக்கத்து லேனில் ஒரு பெடியனை வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இன்னும் தகவல் இல்லை.

தான் நுழைந்த தடயத்தை அழிப்பது ரூட்டுக்கு ஒரு நொடி வேலை. கையும் விசைப்பலகைக்குப் போனது. ஆனால் ஓட்டை அப்படியே கிடந்து, நாளைக்கு வேறு எவனாவது நுழைந்தாலும் முதலில் பிடிக்கப்போவது தமிழாளைத்தான். அழிக்காமல் எழுந்துபோய் நிலாமிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சேர்வருக்குப் பொறுப்பானவர் அவர், கொம்பனித்தெரு முஸ்லிம், அவளுக்கு அண்ணன் முறையில் 'நானா', அடுத்தவர் பொருளைத் தொடாத மனிதர்.

"என்ர பேரை மட்டும் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ நானா," என்றாள் கடைசியில்.

நிலாம் ஏசவில்லை. உடனே கேர்னலை மாற்றி ஓட்டையை அடைத்தார். பாலேஸ்வரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆறிப்போன சோற்றுப் பார்சலைப் பிரித்து இரண்டு வாய் சாப்பிட்டாள்.

பின்னேரம் நிலாம் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"நீங்க அடக்கத்துக்குத்தானே பேர் வேணாண்டு சொன்னீங்க? ஒங்கட வேலய எண்ட பேருல போட எனக்கு மனசு வரல்ல, தங்கச்சி. ஆமி மேலிடத்துக்கு ஒங்கட பேரத்தான் சொன்னேன். அவங்களுக்குச் சரியான சந்தோஷம். எந்த ஊர், எங்க தங்கியிருக்கிறீங்கண்டெல்லாம் கேட்டாங்க."

பாவி மனிதர்!

"சொன்னீங்களோ?"

"சொன்னேனே. இண்டைக்கே ஆள் அனுப்புறாங்களாம்."

அவள் கை தன்பாட்டில் கைப்பையைத் திறந்து, பொலிஸ் பதிவுத் துண்டைத் தேடியது.