ஒட்டிக்கொண்ட நூற்று அறுபது

காலை ஆறு மணிக்கு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். வயிற்றில் கட்டி, ஆபரேஷன். பத்து நாளில் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தாள்.

அம்மா ஒரு கம்பெனி கேன்டீனில் ஐந்நூறு பேருக்குச் சமைக்கிறவள். தான் இல்லாத நாட்களுக்காக நேற்று ஏழு கிலோ கறியைக் கடையில் அரைத்து வாங்கி வந்தாள். வெங்காயம், முட்டை, பால் ஊற்றி ஊறவைத்த ரொட்டி எல்லாம் போட்டுப் பிசைந்தாள். நானும் தம்பியும் கையை ஈரமாக்கிக்கொண்டு உருட்டினோம். அவனுக்கு வீட்டில் சுண்டு என்று பெயர். கோலிக்குண்டு அளவில்தான் உருட்டுவான்.

"டேய், இது யாருக்குடா? எறும்புக்கா?" என்றாள் அம்மா.

"எனக்குத்தான்மா. ஒரே வாய்ல பத்து போடுவேன்."

"போடு போடு. அப்புறம் உன்னையும் உருட்டி ஃப்ரீசர்ல வெச்சிடறேன்."

மொத்தம் முந்நூற்று இருபது கறி உருண்டை. அம்மாவுக்கு ஒரு கணக்கு உண்டு. முதலில் ட்ரேயில் ஒன்றை ஒன்று தொடாமல் அடுக்கி இரண்டு மணி நேரம் உறைய வைக்க வேண்டும். கல்லானதும்தான் பையில் போட வேண்டும். பச்சையாகப் பையில் போட்டால் எல்லாம் சேர்ந்து ஒரே கட்டியாகிவிடும். ஃப்ரீசரில் இரண்டு ட்ரேதான் பிடிக்கும். ஒரு பைக்குப் பதினாறு, வாரத்துக்கு இரண்டு பை. என்றைக்கு எடுத்துச் சமைக்க வேண்டும் என்று ஒவ்வொரு பைமேலும் தேதி எழுதச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல நான் மார்க்கரால் எழுதினேன்.

நான்காவது பையிலேயே பத்து நாள் தாண்டிவிட்டது. மேலே எழுதிக்கொண்டே போனேன். ஐந்து, ஆறு, ஏழு. பத்தாவது பையில் அடுத்த மாதம் வந்தது. பத்து நாளில் வருகிறவள் எதற்கு இருபது பை போடுகிறாள்? திரும்பி வரமாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் எங்களுக்குச் சாப்பாடு செய்துவைத்துவிட்டுப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்க வாய் வரவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

அதற்குள் அம்மாவுக்கு வயிறு வலித்தது. போய்ப் படுத்தாள். மீதி தேதிகளைப் படுத்தபடியே ஒவ்வொன்றாகச் சொன்னாள். எழுத எழுத எனக்கு அந்த வேலை எப்படியாவது முடிந்தால் போதும் என்றாகிவிட்டது. பாதி உருண்டை உறைந்து பைக்குள் போயிருந்தது; மிச்சம் நூற்று அறுபது, இரண்டிரண்டு ட்ரேயாக உறைய வைக்க இன்னும் நான்கு மணி நேரம் ஆகும். நான் ஒரு மணி நேரத்திலேயே எல்லாவற்றையும் பச்சையாகவே பையில் போட்டுக் கட்டிவிட்டேன்.

"அதுக்குள்ளயா? தட்டிப் பாத்தியா? டக்குனு சத்தம் வரணும்."

"வந்துச்சும்மா. நீ தூங்கு."

நான் தூங்கவில்லை. பன்னிரண்டரைக்கு எழுந்து ஃப்ரீசரைத் திறந்தேன். முதலில் கட்டிய பத்துப் பையும் நல்லபடி இருந்தன. மற்ற பத்தும் செங்கல் மாதிரி கிடந்தன. ஒன்றை எடுத்து மேடைமேல் தட்டினேன். பிரியவில்லை. இன்னும் கொஞ்சம் ஓங்கித் தட்டினேன்.

"யாருடி அது, இந்த நேரத்துல வீடு கட்றது?"

அம்மா சமையலறை வாசலில் நின்றாள். நான் பையைக் காட்டினேன். வாங்கி அழுத்திப் பார்த்தாள்.

"சத்தம் வந்துச்சுன்னியே?"

"பொய் சொன்னேன்."

"ஏன்?"

அப்போதுதான் வாயிலிருந்து வந்துவிட்டது. "நீ திரும்பி வரமாட்டியாம்மா?"

"எவ சொன்னா?"

"பத்து நாள்னு சொல்லிட்டு பத்து வாரத்துக்கு உருட்டிருக்க. எனக்கு எண்ணத் தெரியாதா?"

அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பத்து நாள் ஆஸ்பத்திரி. அப்புறம் ரெண்டு மாசத்துக்கு வெயிட்டு தூக்கக் கூடாது, ரொம்ப நேரம் நிக்கக் கூடாதுன்னுட்டாங்க. சொன்னா நீ ஸ்கூலுக்கு லீவு போட்டுட்டு அடுப்புகிட்ட நிப்ப. பரீட்சை வருதில்ல? அதான் சொல்லல."

"அவ்ளோதானா?"

பையின் முடிச்சை விரலால் நெருடினாள். "கட்டி என்ன கட்டின்னு எடுத்துப் பாத்தாத்தான் தெரியுமாம். எனக்கும் பயமாத்தான்டி இருக்கு. ஆனா வரமாட்டேன்னு யாரும் சொல்லல. நானும் சொல்லல."

நான் அழுதேன். அழட்டும் என்று விட்டுவிட்டு, பிறகு கேன்டீன் குரலில் ஆரம்பித்தாள். "சரி, மூக்கத் தொடச்சுக்க, கையக் கழுவு. உள்ள இன்னும் முழுசா உறையல. பையக் கிழிச்சு, தட்டக் கரண்டிய விட்டு மெதுவா நெம்பு. குத்தாத."

இருவரும் நூற்று அறுபதையும் பிரித்தோம். உடைந்தவற்றை அம்மா மறுபடி உருட்டினாள். ஆபரேஷனுக்காகப் பன்னிரண்டு மணிக்குமேல் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பதால் நடுநடுவே உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டாள். ஒன்றரைக்கு இரண்டு ட்ரே ஃப்ரீசருக்குள் போனது. மற்ற இரண்டும் கீழே ஃபிரிட்ஜில்.

"மூணரைக்கு மாத்தி வெச்சிடு. அஞ்சரைக்கு அப்பா நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்துடுவார். அதுக்குள்ள எல்லாம் பைக்குள்ள போயிடணும். இந்தத் தடவ தட்டிப் பாரு."

"பாக்கறேன்."

"என்னையும் எழுப்பு. நீ சொல்றத இனிமே எப்படி நம்பறது?" என்று சிரித்துக்கொண்டே போய்ப் படுத்தாள்.

இப்போது மணி இரண்டரை. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. பக்கத்து அறையில் அவள் புரண்டு படுக்கிற சத்தம் கேட்கிறது. பயம் போகவில்லை. சுண்டுவிடம் சொல்ல முடியாது, அப்பா வேலையில் இருக்கிறார். அதனால்தான் உங்களிடம் சொல்லிக்கொண்டு விழித்திருக்கிறேன்.