கொரோனாக் காசும் ஒரு வாக்கும்

அரியரத்தினம் அரசாங்கத்துக்குக் கட்டவேண்டியிருந்தது எட்டாயிரம் டொலர். கொரோனா நேரம் அள்ளித் தந்த உதவிக்காசைப் பேந்து திருப்பிக் கேட்டார்கள். மொன்றியல் உணவகத்தில் அவர் கோப்பை கழுவின சம்பளம் கையில் காசாய் வாங்கினது, அது வரிக்கணக்கில் இல்லாததால் உதவிக்குத் தகுதியில்லையாம். மனிசி சிவமலர் கழிவு கூறி, நட்டத்துக்கெண்டாலும் சீட்டுக்காசை முந்தியே எடுக்க, இன்று காலைதான் முழுதும் கட்டினார்கள்.

பின்னேரம் ஆளுங்கட்சிக்கு வாக்குக் கேட்டு கட்சித் தொண்டன் ஆரூரன் வில்லரேப் பகுதியிலிருந்த அவர்களின் வீட்டுக்கு வந்தான். அரியரத்தினம் இருப்புக்கொள்ளாமல் யன்னலுக்கும் கதவுக்குமாய் நடந்தார்.

சிவமலர் தேத்தண்ணி நீட்டினாள். "பயப்பிடாமல் குடி தம்பி. நாங்கள் தந்திட்டுத் திருப்பிக் கேக்கிற ஆக்களில்லை."

ஆரூரன் நெளிந்தான். "அண்ணை, எங்களுக்கு விசா தந்த கட்சியெல்லோ?"

"ஓம்," என்றார் அரியரத்தினம். "அந்த நன்றிக்குத்தான் முப்பது வருசமாய் மாறாமல் வாக்குப் போட்டனான்."

"இந்தமுறை?"

"காசும் கட்டியாச்சு, நன்றியும் கட்டியாச்சு தம்பி. இனி உங்களுக்கு நான் ஒண்டும் தரவேண்டியதில்லை."