சிவப்புப் புள்ளி

கவிதையும் கட்டுரையும் படித்துப் பட்டம் வாங்கியவளைக் கொண்டுபோய் எண்களுக்கு நடுவே உட்காரவைத்தால் என்ன ஆகும்? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல முழித்தாள். தரவுகளைக் கதையாகச் சொல்லக் கற்றுத்தரும் வகுப்பு அது. அவளுக்குக் கதை வரும், தரவுதான் வராது. சராசரி என்றால் என்ன, இடைநிலை என்றால் என்ன என்பதே மண்டையில் ஏறாமல், கழிப்பறையில் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்த நாட்கள் உண்டு.

அப்போது கைகொடுத்தவன் ஃபார்முலா. எதைக் கேட்டாலும் ஒரு சூத்திரம் வைத்திருப்பான் என்பதால் வகுப்பே வைத்த பெயர். "கணக்கை நான் பாத்துக்கறேன், கதையை நீ பாத்துக்கோ" என்றான். அசடு, அப்படியே நம்பினாள்.

கடைசித் திட்டத்துக்கு நிஜமான தரவு வேண்டும் என்றார் ஆசிரியை. அவளுடைய அக்கா ஒரு வாடிக்கையாளர் சேவை மையத்தில் நாள் முழுக்க போனில் பேசுகிறவள். வீடு ஓடுவதும் தங்கை படிப்பதும் அந்தச் சம்பளத்தில்தான். அக்கா மேலாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி, பெயர்களை நீக்கிய அழைப்பு விவரங்களை வாங்கிக் கொடுத்தாள்.

ஓர் ஊழியருக்கு ஒரு புள்ளி என்று சார்ட் போட்டார்கள். எல்லாப் புள்ளிகளும் ஒரு மூலையில் கும்பலாகக் கிடக்க, ஒன்று மட்டும் தள்ளி நின்றது. அழைப்புகள் குறைவு, ஒவ்வொரு பேச்சும் நீளம்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஐயோ, இது எங்க அக்காவேதான்! எதிர்ல இருக்கறவங்க புலம்பி முடிக்கற வரைக்கும் போனை வைக்க மாட்டா."

அடுத்த சார்ட்டைப் பார்த்தபோது பெருமை தாங்கவில்லை. மற்றவர்களிடம் பேசியவர்கள் அதே குறைக்குத் திரும்பத் திரும்ப அழைத்தார்கள். அக்காவிடம் பேசியவர்கள் மறுபடி அழைக்கவே இல்லை. கதை கிடைத்துவிட்டது! 'பொறுமையாகக் கேட்டால் ஒரே அழைப்பில் முடியும்' என்று தலைப்பு எழுதினாள். மற்றதையெல்லாம் சாம்பல் நிறமாக்கிவிட்டு, சொல்ல வேண்டியதற்கு மட்டும் நிறம் கொடுக்க வேண்டும் என்பது ஆசிரியையின் பாடம். அக்காவின் புள்ளிக்குப் பச்சை கொடுத்தாள். கடைசி மெருகை ஃபார்முலாவிடம் விட்டாள்.

திட்டத்தை வகுப்பில் காட்டும் நாளன்று முன்வரிசையில் அக்காவின் மேலாளரே வந்து உட்கார்ந்திருந்தார். திரை விரிந்தது. 'ஒருவரால் எல்லோருக்கும் தாமதம்' என்று தலைப்பு. பச்சைப் புள்ளி சிவப்பாகியிருந்தது. இரண்டாவது சார்ட்டைக் காணவே இல்லை. அவள் பதறி எழுந்தாள்.

"சார், இன்னொரு சார்ட் இருக்கு" என்றாள்.

"அதுக்கு டேட்டா பத்தலை சார், எடுத்துட்டோம்" என்றான் ஃபார்முலா, கூசாமல். எடுத்துட்டோமாம்! கைதட்டினார்கள்.

கூடம் காலியான பிறகு, மேலாளர் அவன் தோளில் கைபோட்டபடி நடைபாதையில் நின்றார். "முதல் தேதி வந்து சேந்துடுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் அவன் சட்டையைப் பிடிக்காத குறை.

"நம்ப வெச்சுக் கழுத்தறுத்துட்டியே, உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"எனக்கு வேலை வேணும். அவருக்கு எந்தக் கதை வேணுமோ அதைச் சொன்னேன். கேக்கறவங்க யாருன்னு பாத்துச் சொல்லணும்னு மேடமே சொன்னாங்கல்ல?"

பாடத்தை அவன்தான் ஒழுங்காகப் படித்திருக்கிறான், பாவி. அவனோடு மல்லுக்கட்ட நேரமில்லை. அக்காவிடம் முந்திச் சொல்லிவிட வேண்டும் என்று வீட்டுக்கு ஓடினாள்.

வேலையில் இருக்க வேண்டிய அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அலுவலக அடையாள அட்டை கழுத்தில் இல்லை.

"அக்கா, அவன் துரோகி. கூட இருந்தே குழி பறிச்சுட்டான். நான் போட்ட கதையே வேற!" அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். அவனை என்னென்னவோ சொல்லித் திட்டினாள்.

அக்கா திட்டவில்லை. "காலைலயே கூப்பிட்டு, இனிமே வர வேண்டாம்னுட்டாங்க" என்றாள். "அந்தப் புள்ளி நான்தான்னு உன் ஃப்ரெண்டு சொன்னானாம்."

"அவன் நல்லா இருப்பானா?"

"அவனை விடு. அவன் என்னைப் பாத்ததுகூடக் கிடையாது." அக்கா நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். "நான் பேரே இல்லாமத்தானே வாங்கிக் கொடுத்தேன்? அது நான்னு அவனுக்கு யாருடி சொன்னது?"