பறவை பார்க்கப் போன மாப்பிள்ளை

ஹைதராபாத்துக்குக் கடல் கிடையாது. அந்தக் குறையை வெளியே காட்டிக்கொள்ளாமல், ஹுசேன் சாகர் ஏரியையே சமுத்திரமாக பாவித்து ஊர் ஜனங்கள் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். நிஜாம் ராஜ்ஜியத்து ரயில் பட்டறையில் வரைபடம் போடும் புருஷோத்தமனும் அந்த ஜனங்களில் ஒருவன்தான். ஐப்பசி பிறந்து வடக்கேயிருந்து வாத்துகள் வந்து இறங்கிவிட்டால், ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் 'கடற்கரை'யே கதி என்று கிடப்பான். கழுத்தில் பைனாகுலர், திருமல்கிரியில் வெள்ளைக்காரப் பட்டாளம் பழைய சாமான்களை ஏலம் விட்டபோது வாங்கியது. மூக்கில் சோடாபுட்டிக் கண்ணாடி.

இந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூக்கில் கண்ணாடி இல்லை. அவனுடைய அக்கா மங்கையர்க்கரசி அதைப் பிடுங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள்.

"கண்ணாடி போட்ட மாப்பிள்ளைன்னு ரெண்டு இடம் தட்டிப்போச்சு. இதையும் கெடுத்துக்காதே" என்றாள், ஜட்காவில் ஏறும்போதே.

"ஒண்ணுமே தெரியாதே அக்கா."

"கைக்கு தெரியணும்?" செகந்திராபாத்தில் இருபது வருஷம் குடித்தனம் நடத்தியதில் அவளுக்கு 'ஏன்' போய் 'கைக்கு' வந்திருந்தது. "பொண்ணு பாக்கத்தானே போறோம்? பேப்பர் படிக்கவா? பைனாகுலர் மாட்டிக்கிட்டு நிக்கிறவனுக்குக் கண்ணு மங்கல்னு எவன்டா நினைப்பான்?"

பெண் பாமா, சரக்கு ரயில் குமாஸ்தா ஜம்புநாதனின் மகள். இதற்கு முன் அவளைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கேசரியையும் பஜ்ஜியையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போனார்களே தவிர, பதில் சொல்லி அனுப்பவில்லை. 'இனிமே தட்டு ஏந்திக்கிட்டு எவன் முன்னாடியும் வந்து நிக்க மாட்டேன். இந்த மாப்பிள்ளை பறவை பாக்குறவராமே, ஏரிக்கரைக்கு வரச் சொல்லுங்க, நானும் பாக்குறேன்' என்று அவள் சொல்லியனுப்பியிருந்தாள். அதைக் கேட்ட மாத்திரத்தில் புருஷோத்தமன் காதலில் விழுந்துவிட்டான். முன்னே இரண்டு இடத்தில் வேண்டாம் என்றபோது அவன் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியவன். இவள் வேண்டாம் என்றுவிட்டால் தூக்கம் வராது என்பது அவனுக்கு இப்போதே தெரிந்தது.

ஏரிக்கரையில் அறிமுகம் நடந்தது. கறுப்புக் கோட்டாகத் தெரிந்தது ஜம்புநாதன். பச்சையாக ஒன்று, அவர் மனைவி கனகம். அதன் பக்கத்தில் மாம்பழ நிறத்தில் ஒரு மூட்டம். அந்த மூட்டத்தை நோக்கிப் புருஷோத்தமன் ஒரு கும்பிடு போட்டான்.

"தம்பிக்குப் பறவைன்னா உசுராமே! அதோ, தண்ணிகிட்ட நிக்குதே, அது என்ன?" என்று ஜம்புநாதன் கை நீட்டினார்.

பைனாகுலரைத் தூக்கியிருக்கலாம். இதுக்குக்கூடவா பைனாகுலர் என்று தோன்றிவிடக் கூடாதே என்று ஒரு வீறாப்பு.

"சாம்பல் நாரைங்க. மீனுக்காக ஆடாம அசையாம நிக்கும். பொறுமைன்னா அப்படிப் பொறுமை."

நாரை நிமிர்ந்தது. இடுப்பிலிருந்து ஒரு பீடியை எடுத்துப் பற்றவைத்துக்கொண்டு, துவைத்த துணி மூட்டையைத் தலையில் தூக்கியபடி கரையேறிப் போனது.

ஜம்புநாதன் இருமினார். "தம்பிக்குத் தமாஷ் ஜாஸ்தி" என்று மங்கையர்க்கரசி சிரித்துவைத்து, அவன் விலாவில் ஓர் இடி இடித்தாள்.

அதற்குப் பிறகு அவன் பைனாகுலரைக் கண்ணைவிட்டு இறக்கவே இல்லை. சக்கரத்தைத் திருகினால் அவன் கண்ணுக்குத் தக்கபடி எல்லாம் தெளிந்து வந்தது. ஊசிவால் வாத்துகள் ஒரு கூட்டம், பயணக் களைப்பில் கழுத்தை மடக்கித் தூங்கிக்கொண்டிருந்தன. நாமக்கோழிகள், முக்குளிப்பான்கள். அப்படியே கரையோரமாகத் திருப்பினான். அம்மாவோடு காலாற நடந்து தூரத்தில் நின்றிருந்த மாம்பழ நிறம் கண்ணுக்குள் வந்தது. செருப்பை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, சேற்றில் கால் வைத்து, வேர்க்கடலையைக் கொறித்தபடி வாத்துகளைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். புருஷோத்தமன் வாத்துகளை மறந்தான்.

பிறகு அவள் திரும்பி அவனை நோக்கி நடந்து வந்தாள். கிட்டே வரவர மறைந்துகொண்டே வந்தாள். பக்கத்தில் வந்து நின்றபோது மறுபடியும் மூட்டமாகிவிட்டாள்.

"அதைக் குடுங்க, நானும் பாக்குறேன்" என்றது மூட்டம்.

மறுக்க முடியுமா? கொடுத்தான். அவள் கண்ணில் வைத்துப் பார்த்தாள்.

"என்ன இது, ஒரே புகையா இருக்கு!"

"பனிங்க. ஐப்பசி இல்லையா?"

"பதினோரு மணி வெயில்லயா?" சக்கரத்தைத் திருகினாள். திருகிக்கொண்டே போனாள். "ஆ, இப்ப பளிச்சுன்னு தெரியுது." பைனாகுலரை இறக்கிச் சக்கரத்தைப் பார்த்தாள். அப்புறம் அவன் மூக்கின் இரண்டு பக்கமும் அழுந்திக் கிடந்த தழும்புகளைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உங்க கண்ணாடி எங்கே?"

"அக்கா முந்தானையில."

"அப்ப என்னைப் பாக்கவே இல்லையா?"

"பாத்தேன். தூரத்துல. கடலை தின்னுக்கிட்டிருந்தீங்க." கொஞ்சம் தைரியம் வந்து, "அது போதும்" என்றான்.

அவள் சிரித்தாளா முறைத்தாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்தக் கணத்தில் பட்டாளத்தார் பைனாகுலர் நூறு கொடுத்தாலும் பிரயோஜனமில்லை.

"அப்பாகிட்ட நீங்களே போய்ச் சொல்லிடுங்க. ஒளிச்சு வெச்சது பின்னாடி தெரிஞ்சா ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டார்."

புருஷோத்தமன் கறுப்புக் கோட்டைத் தேடிப் போனான். அக்கா கைஜாடை காட்டித் தடுத்ததெல்லாம் அவனுக்கு எங்கே தெரிந்தது! கோட்டின் முன்னால் நின்று ஒரே மூச்சில் கொட்டினான்.

"ஐயா, எனக்குக் கிட்டக்க இருக்கிறதைத் தவிர ஒண்ணும் தெரியாதுங்க, அதுவும் மூக்குகிட்ட கொண்டு வந்தாத்தான். கண்ணாடி போட்டா எல்லாம் தெரியும். மறைச்சது தப்பு. ஆனா உங்க பொண்ணை நல்லா வெச்சுக்குவேன்."

"க்யா போல்ரே மியாங்?" என்று, 'என்னப்பா சொல்றே' என்கிற தோரணையில், உருதுவில் கேட்டது கோட்டு. அது கறுப்பு ஷெர்வானி என்பதும், உள்ளே இருந்தவர் காற்று வாங்க வந்த யாரோ ஒரு நவாப் வீட்டுப் பெரியவர் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

முதுகுக்குப் பின்னால் ஜம்புநாதன் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஷெர்வானிக்காரரிடம் உருதுவில் விஷயத்தைச் சொல்ல, அவரும் சேர்ந்துகொண்டு புருஷோத்தமனின் தோளில் ஆதரவாகத் தட்டிவிட்டுப் போனார்.

"கண்ணு போகட்டும் தம்பி, பட்டறையில வரையுற எஞ்சினாச்சும் ஒழுங்கா ஓடுதா?"

"ஓடுதுங்க. கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் வரையுறேன்."

"நல்லவேளை. இத்தனை நாள் நான் அந்த ரயில்லதான் போய்ட்டு வரேன்" என்றவர் மகளைப் பார்த்தார். "என்னம்மா சொல்றே?"

பாமா பைனாகுலரிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. அதைத் திருப்பிக் கொடுக்கிற உத்தேசமும் இருப்பதாகத் தெரியவில்லை. தண்ணீரைப் பார்த்தபடியே, "இந்த வாத்தெல்லாம் எப்ப ஊருக்குத் திரும்பும்?" என்று கேட்டாள்.

"பங்குனியிலங்க."

"அப்ப தை மாசத்துல வெச்சா, இதெல்லாம் இங்கேதான் இருக்கும்?"

புருஷோத்தமனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "தையில தண்ணி கொஞ்சம் வத்தும். அதனால எல்லாம் நடு ஏரிக்குப் போயிடும். ஆனா ஊசிவால் மட்டும்..." என்று விஸ்தாரமாக ஆரம்பித்தான்.

"டேய்!" மங்கையர்க்கரசி தலையில் அடித்துக்கொண்டாள். "அவ வாத்துக்காடா மாசம் கேக்குறா?"