பேச்சை எட்டிப் பிடித்தவள்

காய்ச்சலில் காது போன பிறகு சௌந்தரபாண்டியன் வியாபாரிகள் சங்கக் கூட்டத்துக்குப் போவதை விட்டுவிட்டார். பம்புசெட்டு சாமான் விற்கும் தன் கடையில் அவருக்குச் சிரமமில்லை. பழைய வாஷரை நீட்டினால் புதியதை எடுத்துக் கொடுத்துவிடுவார். கூட்டத்தில்தான் முடியவில்லை. எல்லோரும் சிரிக்கும்போது இவர் மட்டும் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மனைவி ஞானபூரணத்துக்கு அது பொறுக்கவில்லை. அவள் வீட்டிலிருந்தே ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பவள். 'கூட்டத்துல பேசுதத அப்பப்பவே நான் அடிச்சா, நீங்க வாசிச்சுக்கலாம்லா?' என்று திரையில் எழுதிக் காட்டினாள்.

"போனே எழுதுமே, பூரணம்."

அதையும் பார்த்தார்கள். பக்கத்துப் பீரோக் கடை மைதீன் "ஏலே, சரக்கு வந்துட்டா?" என்று கேட்டதை, போன் "ஏழை சருகு வந்திட்டார்" என்று எழுதியது. இருவரும் சிரித்துவிட்டு அதை மூடி வைத்தார்கள்.

அவள் தட்டச்சு செய்வது ஈமேக்ஸில். கணினியில் எழுத உதவும், இஷ்டம்போல் மாற்றிக்கொள்ளக்கூடிய எடிட்டர் அது. இரண்டு எழுத்து அடித்தால் மீதிச் சொல்லை முடித்துத் தரும் கருவிகள் அதற்குப் பல உண்டு. எதைச் சேர்ப்பது? ஒலிப்பதிவை நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம். பேசுகிற மனிதர்களை யார் நிறுத்துவது? டிவி விவாதங்களை ஓடவிட்டு ஒவ்வொன்றாய்ச் சோதித்தாள்.

முதல் கருவி கர்சருக்குக் கீழே பட்டியல் விரித்தது. 'வாட' என்றதுமே வாடகை, வாடகைக்கு, வாடகையை, வாடகையில் என்று அத்தனையும் வரிசை கட்டி நின்றன. கண் அதில் மேய்வதற்குள் பேச்சு எங்கோ போய்விட்டது. அடுத்தது இணையத்தில் கேட்டு முழு வாக்கியத்தையும் ஊகித்துத் தந்தது. வேகமோ வேகம். ஆனால் "ஒத்துக்க மாட்டேன்" என்று ஒருவர் சொல்ல வாயெடுத்தபோது, அவள் 'ஒத்து' என்று அடித்ததுமே "ஒத்துக்கொள்கிறேன்" என்று அதுவே முடித்து வைத்தது. யாரும் சொல்லாததைச் சொன்னதாகக் கணவர் நம்பிவிட்டால்? உடனே அதை நீக்கினாள்.

கடைசியில் கைகொடுத்தது எடிட்டரோடு கூடவே வந்த பழைய வசதி ஒன்று. பட்டியல் கிடையாது. இரண்டு எழுத்து அடித்து ஒரு விசையைத் தட்டினால், ஏற்கெனவே அடித்தவற்றில் பொருந்தும் சொல்லை, கடைசியாக வந்ததிலிருந்து தேடி எடுத்து வைக்கும். மனிதர்கள் கூடினால் சற்றுமுன் சொன்னதைத்தானே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்! அந்த விசையைக் கட்டைவிரலுக்கு மாற்றிக்கொண்டாள். சொல்லின் கடைசியில் வரும் 'க்கு'வையும் 'ஐ'யையும் தானே ஒட்டப் பழகினாள்.

ஆடித்தபசுக்கு முந்திய கூட்டம். திருவிழா நாட்களில் ரத வீதிக்குள் சரக்கு லாரி வர முடியாது, என்ன செய்வது என்பதுதான் பேச்சு. கணவருக்குப் பக்கத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்த ஞானபூரணம் தொடக்கத்தில் தடுமாறினாள். சொற்கள் சேரச் சேர விரல்கள் ஓடத் தொடங்கின. மைதீன் எழுந்தார்.

"போன வருசம் பீரோவத் தலையில வச்சுட்டு வாரேன், சாமி சப்பரம் வருதுன்னு சனம் வழிவிட்டுட்டு!"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. அது ஓயுமுன்பே அவள் பக்கத்தில் திரையை வாசித்துக்கொண்டிருந்த கணவரிடமிருந்தும் ஒரு சிரிப்பு கிளம்பியது. அவளுக்குக் கண் கலங்கிற்று, கை நிற்கவில்லை.

"பேசாம கடைய அடைச்சிருவோம்," என்றார் சங்கத் தலைவர் ஆறுமுகச்சாமி.

வாசித்த மாத்திரத்தில் சௌந்தரபாண்டியன் எழுந்தார். "எதுக்கு அடைக்கணும் அண்ணாச்சி? ஊருக்கு வெளிய புளியங்குடி ரோட்டுல லாரிய நிப்பாட்டுவோம். விடியுமுன்ன தள்ளுவண்டியில எல்லாருக்கும் சேத்துக் கொண்டாந்திருவோம்."

குரல் அளவுக்கு மிஞ்சி உரத்திருந்தது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

"போலீஸ் விடுவாவளா?" என்றார் பின்வரிசையிலிருந்து பாத்திரக்கடை காசிராஜன்.

திரையில் கேள்வி வந்தது. "அந்நேரம் ஏது கூட்டம்? நானே போய்க் கேக்கேன்," என்று சௌந்தரபாண்டியனிடமிருந்து பதில் போனது.

கைகள் உயர்ந்தன. "அப்ப இந்தப் பொறுப்பு உம்மதுதான்வே!" என்றார் தலைவர்.

"சரி அண்ணாச்சி. ஆனா இவளும் என்கூட வருவா."

அரங்கம் கைதட்டி ஆரவாரித்தது. 'எல்லாரும் கை தட்டுதாவ' என்று எழுத நினைத்து விசையைத் தட்டினாள். 'தட்டுதாவ' என்ற சொல் அன்று அதுவரை வரவே இல்லை. ஒவ்வொரு எழுத்தாக அவளே அடித்தாள்.